விலக்கு எண் 6: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஹைதராபாத்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

2019 செப்டம்பர் 27 அன்று நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையில் 'விலக்கு எண் 6' என்று ஒரு பத்தி இருக்கிறது. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்கு எப்போது பணம் தரலாம், எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் பத்தி. இன்று கைக்கு வரும் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் அது வரி மாறாமல் அச்சாகியிருக்கிறது. நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவள். ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும் விண்ணப்பம் அனுப்புவது, காப்பீட்டுக் கம்பெனி கேட்கிற க்வெரிக்கு (விளக்கக் கேள்விக்கு) பதில் தேடுவது, மறுத்துவிட்டார்கள் என்றால் அதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது, இதெல்லாம்தான் என் பிழைப்பு. அந்தப் பத்தியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

குறை சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2019-க்கு முன்னால் பருமன் சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் அழகு சிகிச்சையோடு ஒரே வரிசையில், 'கிடையாது' என்ற தலைப்பின் கீழே கிடந்தது. பேச்சே இல்லை. நீங்கள்தான் அதை நிபந்தனையோடாவது திறந்துவிட்டீர்கள். அதனால் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு இன்று நன்றாக நடமாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கிற விதத்தில், இந்த அறுவை எப்போது நன்றாகப் பலிக்குமோ அப்போது பணம் இல்லை. நோய் முற்றி, பலன் குறைந்து, மயக்க மருந்து கொடுப்பதே பயமாகிற நிலையில் பணம் உண்டு. ஏழு வருடமாக பாலிசிக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இடையில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது. இதைத் திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

நிபந்தனைகள் நான்கு. மருத்துவர் ஆலோசனை வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். இந்த மூன்றோடும் எனக்குச் சண்டை இல்லை. நான்காவதுதான் சிக்கல். பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, எடை குறைக்கும் எளிய வழிகளெல்லாம் தோற்று, கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் அடைப்பு, கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை.

இது நடைமுறையில் என்ன செய்கிறது என்று காட்ட இரண்டு பேரைச் சொல்கிறேன். ஆள் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். உயரம், எடைக் கணக்கை மாற்றவில்லை.

முதலாமவர் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப்போடும் அக்கா. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. பிஎம்ஐ 38.3. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். காலையும் ராத்திரியும் இன்சுலின், கூடவே மாத்திரை. ஈரலில் கொழுப்பு படிந்து, ஃபைப்ரோஸ்கேன் என்ற ஈரல் பரிசோதனையில் ஈரல் இறுகத் தொடங்கியிருப்பது தெரிந்தது. இரண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டுக்காரர் பேரில் ஐந்து லட்ச ரூபாய் குடும்ப பாலிசி. ஒரு வருடம்கூடப் புதுப்பிக்கத் தவறியதில்லை, காத்திருப்புக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

ப்ரீ-ஆத் போட்டேன். 2024-ல் நீங்கள் போட்ட ஒரு மணி நேரக் கெடுவுக்குள் பதில் வந்துவிட்டது. வேகத்தில் குறையே இல்லை. பிஎம்ஐ 40-க்குக் கீழே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2, ஆகவே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஈரல் பட்டியலில் இல்லை. முழங்காலும் பட்டியலில் இல்லை. மறுக்கப்படுகிறது.

அக்கா அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஊசியப் போடாம ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தா குடுப்பாகளாம்மா?"

அப்படியெல்லாம் செய்துவிடாதீர்கள் என்று அலறாத குறையாகச் சொன்னேன். ஆனால் விதியை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. தினம் இரண்டு வேளை ஊசி குத்திக்கொண்டு, வாயைக் கட்டி, சர்க்கரையை 7.2-ல் நிறுத்தி வைத்ததுதான் அவர் செய்த குற்றம். ஒழுங்காக மருந்து சாப்பிடாதவருக்குத் தகுதி உண்டு, சாப்பிட்டவருக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே அக்கா நாளைக்கே இரண்டு முழங்கால் மாற்று அறுவைக்கு வந்தால், இதே பாலிசியில் நானே கேஷ்லெஸ் அனுமதி (கம்பெனியே நேரே மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது) வாங்கிக் கொடுத்துவிடுவேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாலும் அப்படியே. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்தாலும் கிடைக்கும். எடையால் வரும் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு, எடைக்குத்தான் இல்லை.

இரண்டாவது ஆள் இளைஞர். 170 சென்டிமீட்டர், 113 கிலோ. பிஎம்ஐ 39.1. சர்க்கரை எல்லைக்கோட்டில், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. மறுப்பு வந்தது. 40-ஐத் தொட இன்னும் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நான் யாருக்கும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் போனில் பிஎம்ஐ கணக்குப் போட யாருக்குத் தெரியாது? 115.6 கிலோ என்று அவரே கண்டுபிடித்தார். அடுத்த மாதம் 116-ல் வந்து நின்றார். அனுமதி கிடைத்தது.

இனிதான் வேடிக்கை. இந்த அறுவைக்கு முன்னால் சர்ஜன்கள் நோயாளியை இரண்டு வாரம் கிட்டத்தட்டத் திரவ உணவிலேயே வைப்பார்கள். கொழுப்பேறிய ஈரல் வீங்கி இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும், அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட்டு வேலை பார்க்க இடம் கிடைக்கும். தம்பி அந்த இரண்டு வாரத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அட்மிஷன் அன்றைக்கு எடை 111. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கம்பெனியிலிருந்து க்வெரி: ப்ரீ-ஆத்தில் 116, கேஸ் ஷீட்டில் 111, பிஎம்ஐ 38.4 ஆகிறதே, விளக்கம் தரவும். கம்பெனிக்காக ஏற்றிய எடையை டாக்டருக்காக இறக்கியதற்கு நான் விளக்கம் எழுதினேன். சர்ஜன் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஆள் வீட்டுக்குப் போனார்.

இந்த 40, 35 எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 1991-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு வகுத்த எல்லை அது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான எல்லைதான். அன்றைக்கு வயிற்றை நீளமாகத் திறந்துதான் இந்த அறுவையைச் செய்தார்கள். லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்த இரைப்பை பைபாஸ் பற்றிய முதல் அறிக்கை வந்தது 1994-ல். இன்று நம் ஊர்களில் அதிகம் செய்யப்படுகிற, இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் முறை, தனி அறுவையாகப் பரவியது அதற்கும் ரொம்பப் பிந்தி. ஆபத்து அதிகமான ஒரு சிகிச்சைக்கு, வேறு உடல்வாகுள்ள மக்களை மனதில் வைத்துப் போட்ட கோடு, 28 வருடம் கழித்து நம் பாலிசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வேறு உடல்வாகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். ஒருவர் புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐயில் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. அதுவும் நமக்கு அது வயிற்றில்தான் சேர்கிறது. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் தள்ளிக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் சர்க்கரை மாத்திரையோடு திரியும் ஆட்களை நம் தெருவில் நாலு வீட்டுக்கு ஒருவராவது காட்டலாம். வெள்ளைக்காரருக்கு 40-ல் வருகிற நோய் நமக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அதே 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கென்று 23, 27.5, 32.5, 37.5 என்ற எல்லைகளைக் குறித்தது. 2009-ல் இந்திய மருத்துவர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, இந்தியருக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்றும், அறுவை சிகிச்சைக்கு எல்லை 37.5, துணை நோய் இருந்தால் 32.5 என்றும் சொன்னது. நீங்கள் விலக்கு எண் 6-ஐ எழுதியபோது அந்த அறிக்கைக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் உலகம் நிற்கவில்லை. 2022-ல் அமெரிக்க பேரியாட்ரிக் (பருமன் அறுவை) சர்ஜன்கள் சங்கமும் அதன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991 எல்லையைக் கைவிட்டன. 35-ஐத் தாண்டினால் துணை நோய் இருக்கிறதோ இல்லையோ பரிந்துரைக்கலாம், ஆசியருக்கு 27.5-லிருந்தே இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்கிறது அவர்கள் ஆவணம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 2009-ல் நம்மவர்கள் சொன்னதையாவது கேளுங்கள் என்கிறேன். அந்த எல்லையில் ஜவுளிக்கடை அக்காவுக்கும் அந்தத் தம்பிக்கும் வேறு எந்தச் சான்றும் இல்லாமலே அனுமதி கிடைத்திருக்கும். ஒருவர் ஊசியை நிறுத்தலாமா என்று யோசிக்கவும் வேண்டாம், இன்னொருவர் மூன்று கிலோ ஏற்றவும் வேண்டாம்.

'வாயைக் கட்ட முடியாதவர்களுக்கு எதற்குப் பணம்?' என்ற கேள்வி இந்த விஷயத்தில் எப்போதும் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறது. கம்பெனி மருத்துவ அதிகாரி ஒருவரே போனில் என்னிடம் கேட்டிருக்கிறார். உங்கள் பத்தியில் அது 'எளிய வழிகள் தோற்ற பிறகு' என்று நாகரிகமாக எழுதப்பட்டிருக்கிறது.

உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று எங்கள் டாக்டர்கள் நோயாளிகளுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கிவிட்டது. ஒருவர் பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தால், உடல் அதை நஷ்டமாகத்தான் கணக்கெழுதுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்பு குறைகிறது, செலவழிக்கும் சக்தியையும் இழுத்துப் பிடிக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஆகவே எடை திரும்ப வருவது மனக்கட்டுப்பாட்டைப் பொறுத்தது மட்டுமே என்று எண்ண முடியாது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேலே வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் போல நீளக் குழாயாக விடுகிறார்கள். கிரெலின் என்ற பசிச் சுரப்பு அதிகம் ஊறும் மேல்பகுதி அதோடு போய்விடுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேலே சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து நேரே சிறுகுடலின் நடுப்பகுதியில் இணைக்கிறார்கள். உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால், இன்சுலினைத் தூண்டுகிற, பசியை அடக்குகிற சுரப்புகள் கூடுகின்றன. எடை பெரிதாகக் குறையும் முன்பே, வார்டில் இருக்கும்போதே சிலருக்கு இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வருவது இதனால்தான். 'வயிறைச் சின்னதாக்கிவிடுகிறார்கள், கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும்' என்பது பாதி உண்மை. மீதிப் பாதி சுரப்புகளின் கதை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 150 சர்க்கரை நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்து, 2017-ல் முடிவைச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரியை 6 அல்லது அதற்குக் கீழே கொண்டுவந்தவர்கள், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 5. அதில் சேர்க்கப்பட்டவர்களின் பிஎம்ஐ 27-லிருந்து 43 வரை. உங்கள் விதி அந்த ஆய்வில் இருந்த பலருக்குக் கதவைச் சாத்தியிருக்கும். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, எல்லா டாக்டர்களும் ஒரே குரலில் சொல்லும் ஒரு விஷயம்: சர்க்கரை வந்து எத்தனை வருடம் ஆகிறதோ, இன்சுலின் எத்தனை வருடமாகப் போடுகிறாரோ, அந்த அளவுக்குச் சர்க்கரை பின்வாங்கும் வாய்ப்பு குறையும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் மிச்சம் இருக்கும்போது செய்தால் பலன். தீர்ந்த பிறகு செய்தால் எடை மட்டும் குறையும். 'கட்டுப்படாத சர்க்கரை' என்று நீங்கள் கேட்கிற சான்று, பெரும்பாலும் அந்தச் செல்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்பதற்கான சான்று. இதயத் தசை நோயும் அப்படித்தான். இதயம் பலவீனமான பிறகு அனஸ்தீசியா கொடுக்க டாக்டர் எவ்வளவு யோசிப்பார் என்று அறுவை அரங்குக்கு வெளியே நிற்கிற எனக்கே தெரியும்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு ஏறக்குறைய 4,000 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்கள், அதே போன்ற பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020-ல் வந்தது. அப்படியும் பொது மக்களின் சராசரி ஆயுளை அவர்கள் எட்டவில்லை. இது மாயம் இல்லை என்பதற்காக இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆபத்தையும் ஒளிக்கப் போவதில்லை. தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம், ரத்தக்கசிவு வரலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். 2024-ல் சென்னையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது, சுகாதாரத் துறை விசாரணையும் நடந்தது. அந்த வாரம் எங்கள் டெஸ்க்குக்கு வந்த போன்களில் பாதி அதைப் பற்றித்தான். நல்ல அனுபவமுள்ள மையங்களில் முதல் 30 நாளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பை அறுவைக்கு நெருக்கமாக. ஆனால் 'நல்ல அனுபவமுள்ள மையம்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காப்பீடு மறுக்கப்பட்டவர் சும்மா வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று நினைக்காதீர்கள். பலர் கைக்காசுக்கு அலைகிறார்கள். மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை ஆகும் ஒரு சிகிச்சையை யாரோ பேக்கேஜில் குறைத்துத் தருகிறேன் என்றால் அங்கே போகிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள், மாதத் தவணை போடுகிறார்கள். ஸ்லீவ் அறுவையின் பில்லில் பெரிய வரி ஸ்டேப்ளர். இரைப்பையை வெட்டித் தைத்துக்கொண்டே போகும் கருவி, ஒவ்வொரு முறை சுடவும் புதிய கார்ட்ரிட்ஜ் வேண்டும், ஓர் ஆளுக்கு ஐந்தாறு போகும். பேக்கேஜைக் குறைக்க வேண்டுமென்றால் எங்கே குறைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடம், ராத்திரி அனஸ்தடிஸ்ட் இல்லாத இடம். கம்பெனி பணம் தருமென்றால், இந்த இந்த வசதி உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வருடத்துக்கு இத்தனையாவது செய்யும் குழுவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட ஆணையத்துக்குக் கை இருக்கிறது. மறுத்துவிட்டால் அந்தப் பிடியும் போய்விடுகிறது.

சரி, 'எளிய வழிகள் தோற்றதற்கான ஆதாரம்'. இது எனக்கு வரும் க்வெரிகளில் மிகவும் எரிச்சலூட்டுவது. எத்தனை மாதம், எந்த வழி, எந்தத் தாள் என்று உங்கள் பத்தியில் இல்லை, அதனால் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். ஒரு கம்பெனி ஆறு மாத டயட்டீஷியன் சீட்டு கேட்கும். இன்னொன்று ஜிம் ரசீது கேட்கும். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை ஐந்து மணிக்கு நடக்கிற ஆளுக்கு யார் ரசீது போட்டுத் தருவார்கள்? ராத்திரிச் சோற்றை விட்டுக் கோதுமை உப்புமா தின்ற வருடங்களுக்கு எந்த டாக்டர் சீல் வைப்பார்? சிகிச்சை பார்க்கும் மருத்துவரின் கையெழுத்திட்ட குறிப்பு போதும் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். பாதி க்வெரி ஓய்ந்துவிடும்.

அறுவைக்குப் பின்னால் வருவதைப் பற்றியும் விதி மௌனமாக இருக்கிறது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேர்வது சகஜம். இரும்புச்சத்தும் பி12-ம் குறையும், பைபாஸ் செய்தவருக்கு இன்னும் கூடுதலாக. வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு, வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. தன் சொந்தக் காசில் அறுவை செய்துகொண்ட ஒரு பெண் இரண்டு வருடம் கழித்துப் பித்தப்பைக் கல்லோடு வந்தார். 'விலக்கப்பட்ட சிகிச்சையின் விளைவு' என்று அதையும் மறுத்தார்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, பிறகு சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிற காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம் என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தேனாம்பேட்டைக்குப் போய்வர அவருக்கு லீவு கிடைக்காது. கிளெய்ம் மறுக்கும் முன் மூன்று பேர் குழு பார்க்க வேண்டும் என்று 2024 சுற்றறிக்கையில் நல்ல விதி போட்டிருக்கிறீர்கள். ஆனால் விலக்கு எண்ணிலேயே தெளிவில்லை என்றால் மூன்று பேர் பார்த்தாலும் அதே பதில்தான் வரும்.

கம்பெனிகளின் பயம் எனக்குப் புரியாமலில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பிஎம்ஐ 25-ஐத் தாண்டியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களுக்கு அது 30.9-ஆக இருந்தது. கதவை அகலத் திறந்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள், பிரீமியம் ஏறும் என்கிறார்கள். ஆனால் 25-ல் இருப்பவரைப் பற்றி யார் பேசினார்கள்? 37.5-ல் இருப்பவர்கள் சொற்பம். அவர்களிலும் வயிற்றில் ஐந்து துளை போட்டு இரைப்பையை வெட்டச் சம்மதிக்கிறவர்கள் அதிலும் சொற்பம். எங்கள் பேரியாட்ரிக் ஓபிக்கு வந்து, முழு விளக்கமும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்" என்று போகிறவர்கள்தான் ஜாஸ்தி. அறுவை என்றால் நம் ஜனங்கள் துள்ளிக் குதித்து வந்து படுத்துக்கொள்கிறவர்கள் இல்லை.

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, அறுவை எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், பலருக்கு அறுவையே வேண்டாம் என்று ஆகலாம். ஆனால் வெகோவியில் இருக்கும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று அதன் சொந்த ஆய்விலேயே இருக்கிறது. காலமெல்லாம் போட வேண்டிய ஊசிக்கும் எங்கள் ஊர் பாலிசிகளில் பணம் கிடையாது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகும்.

நான் கேட்பவை இவைதான். 40-ஐ 37.5 ஆக்குங்கள், 35-ஐ 32.5 ஆக்குங்கள். சர்க்கரைக்கு முன்னால் இருக்கும் 'கட்டுப்படாத' என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறாரா, எத்தனை வருடம் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஈரல் இறுக்கம், பல மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம், நடமாட்டத்தை முடக்கும் மூட்டுத் தேய்மானம் இவற்றைப் பட்டியலில் சேருங்கள். எடையை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்: முதல் ஆலோசனை நாளின் எடையே கணக்கு என்றால், அட்மிஷன் எடையைக் காட்டி யாரும் கேள்வி கேட்க முடியாது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களை, கைக்காசில் செய்திருந்தாலும்கூட, விலக்கு எண் 6-ஐக் காட்டி மறுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இதற்கு ஈடாக எந்த மருத்துவமனையில் செய்யலாம் என்பதற்கு எவ்வளவு கடுமையான நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள். எங்கள் மருத்துவமனை அதில் தேறாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த மடலோடு, பெயரும் பாலிசி எண்ணும் கருப்படித்த மறுப்புக் கடிதங்கள் சிலவற்றின் நகலை, சம்பந்தப்பட்டவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் நோயாளியின் உயரம், எடை, பிஎம்ஐயையும், 2009 எல்லைப்படி அவர் தகுதி பெறுகிறாரா என்பதையும் பென்சிலில் குறித்திருக்கிறேன். உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் யாராவது ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, திருத்தம் பரிசீலனையில் உள்ளதா இல்லையா என்று ஒரு வரி பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
இன்சூரன்ஸ் டெஸ்க் ஊழியர் ஒருவர்,
மதுரை.